பனியுகச் சிறுமி நியூயார்க் போன வழி

நாலரை லட்சம் சொல். இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்த தாளுக்கு 250 சொல் என்பது அமெரிக்கப் பதிப்புலகத்தின் பழைய கணக்கு. அதன்படி 1,800 தாள். மூன்றரை ரீமுக்கு மேல் வரும். தராசில் வைத்தால் எட்டு கிலோ இருக்கும். 1970களின் கடைசியில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரெகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு கட்டு கிடந்தது. எழுதியவர் ஜீன் அவுல். அதுவரை அவர் பெயரில் ஒரு புத்தகமும் வந்ததில்லை.

அந்தக் கட்டின் முதல் பகுதிதான் 1980இல் 'தி கிளான் ஆஃப் தி கேவ் பேர்' என்ற நாவலாக வெளிவந்தது. போர்ட்லாண்டிலிருந்து நியூயார்க் போன வழியில் ஓர் எழுத்தாளர் கூட்டமும் குறுக்கே வருகிறது. இன்று அமெரிக்காவில் எழுத்தாளர் மாநாடுகளுக்குப் போகிறவர்களில் பலர் இலக்கியம் பேசப் போவதில்லை. ஏஜென்ட்டை, அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரிடம் பேசி விற்றுத் தருபவரை, பார்த்து "என் நாவல் இது, எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்கப் போகிறார்கள். அவர்களுக்கு ஊக்கம் கொடுக்க அவுலின் கதையைச் சொல்பவர்கள் உண்டு: கூட்டத்துக்குப் போனார், ஏஜென்ட்டைச் சந்தித்தார், கோடீஸ்வரி ஆனார் என்று. பொய்யில்லை. ஆனால் கட்டு நடந்த தூரத்தை முழுதாகப் பார்த்தால் அந்தச் சந்திப்புக்கு எவ்வளவு பங்கு தரலாம் என்பது கொஞ்சம் மாறும்.

முதலில் கட்டு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். அவுல் 1936இல் சிகாகோவில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கல்யாணம், இருபத்தைந்துக்குள் ஐந்து குழந்தைகள். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் ஆசிலாஸ்கோப் பெட்டியின் மேல் அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அங்கே சர்க்யூட் போர்டு வடிவமைத்தார், தொழில்நுட்பக் கையேடுகள் எழுதினார், கடன் பிரிவு மேலாளர் வரை உயர்ந்தார். வேலையோடு வேலையாகப் படித்து 1976இல் எம்.பி.ஏ. முடித்தார். பிறகு அந்த வேலையை விட்டார். வயது நாற்பது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அடுத்த வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில், 1977 தொடக்கத்தில் ஓர் இரவு, தன்னைப் போல் இல்லாத மனிதர்கள் நடுவே வளரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தார்.

கதை ஆதிகாலத்தில் நடக்க வேண்டும் என்று தோன்றியது. சில பக்கங்களிலேயே தடுமாற்றம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதை உடுத்தினார்கள், நெருப்பு மூட்டத் தெரியுமா? ஒன்றும் தெரியவில்லை. வீட்டிலிருந்த கலைக்களஞ்சியத்தைப் புரட்டினார், போதவில்லை. நூலகத்துக்குப் போய் இரண்டு கை கொள்ளாத அளவுக்குப் புத்தகம் எடுத்து வந்தார். சிறுகதையின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

அந்தப் புத்தகங்களில் ஒன்று, தொல்லியலாளர் ரால்ஃப் சொலெக்கி 1971இல் எழுதிய ஷானிடார் குகை பற்றிய நூல். ஈராக்கின் குர்திஸ்தான் மலைப்பகுதியில் உள்ள அந்தக் குகையில் 1950களில், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு 'ஷானிடார் 1' என்று பெயர். நியாண்டர்தால் கணக்கில் அவன் கிழவன், அதாவது நாற்பதை ஒட்டியவன். இளமையில் முகத்தின் இடப்பக்கம் பலத்த அடிபட்டு ஒரு கண் போயிருக்க வேண்டும். வலக்கை சூம்பி, முழங்கைப் பக்கம் வரைதான் இருக்கிறது. காலும் விந்தல். காயங்கள் ஆறி எலும்பு கூடியிருக்கிறது. ஆகவே இந்த நிலையிலேயே அவன் பல வருடம் வாழ்ந்திருக்கிறான். வேட்டைக்குப் போக முடியாத ஒருவனுக்கு வருடக்கணக்கில் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். காட்டுமிராண்டிகள் என்று நாம் கேலி செய்த கூட்டம் அது.

அவுலின் நாவலில் வரும் க்ரெப் என்ற பூசாரி இந்த எலும்புக்கூட்டிலிருந்து எழுந்து வந்தவன். ஒற்றைக் கண், ஒற்றைக் கை, நொண்டிக் கால். கூட்டத்திலேயே பெரிய மந்திரவாதி. நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த ஐந்து வயதுச் சிறுமி அய்லாவை அவனும் அவன் தங்கை ஈசாவும் எடுத்து வளர்க்கிறார்கள். சிறுமி நம் இனம், வளர்ப்பவர்கள் நியாண்டர்தால்கள். பெண்கள் ஆயுதம் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அவள் ஒளிந்து நின்று கவண் வீசப் பழகுகிறாள். கதையின் பெரிய சண்டைகள் சிலவற்றுக்கு அந்தக் கவண்கல்லே தொடக்கம்.

எழுதுவதற்கு நூலகம் மட்டும் போதாது என்று அவுல் முடிவு செய்ததைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். போர்ட்லாண்டின் அறிவியல் அருங்காட்சியகம் நடத்திய பனிக்காலப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, ஜனவரி மாதத்தில் ஹூட் மலையில் பனியைக் குடைந்து செய்த குகைக்குள் ஓர் இரவு படுத்தார். ஜிம் ரிக்ஸ் என்ற பழங்காலக் கைத்திறன் ஆசிரியரிடம் கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கவும், தோல் பதனிடவும், கல்லைத் தட்டிக் கத்தி எடுக்கவும் கற்றார். கதை நடக்கும் கருங்கடல் பக்கமோ ஐரோப்பாவின் ஓவியக் குகைகளோ அவர் அதுவரை கண்ணால் பார்க்காதவை. காசு வந்த பிறகுதான் பார்த்தார்.

இப்படித்தான் நாலரை லட்சம் சொல் சேர்ந்தது. ஆறு பாகம். முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்த்தார். சகிக்கவில்லை. மனசுக்குள் ஓடிய கதையின் சூடு தாளில் இறங்கவேயில்லை என்று பின்னாட்களில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் பெரும்பாலோர் கட்டைப் பரணில் போட்டுவிடுவார்கள், அல்லது அப்படியே தபாலில் அனுப்பிவிடுவார்கள். அவுல் திரும்பவும் நூலகத்துக்குப் போனார். இம்முறை நாவல் எழுதுவது எப்படி என்ற புத்தகங்களை எடுத்து வந்தார். கையேடு எழுதிப் பழகிய கை. எதையும் பாடம்போல் படித்துச் செய்யும் பழக்கம் உதவியிருக்க வேண்டும்.

சுருக்குவதற்காகத் திருத்தத் தொடங்கினார். சம்பவமாகச் சொன்னதைக் காட்சியாக்க, காட்சிக்குப் பேச்சு சேர்க்க, கதை குறைவதற்குப் பதில் ஊதிக்கொண்டே போனது. இந்த வேகத்தில் போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். அப்போதுதான் அவருக்கு உண்மை புரிந்தது: கையில் இருப்பது ஆறு பாகம் கொண்ட ஒரு நாவல் இல்லை, ஆறு நாவல். முதல் பாகத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துத் திரும்பத் திரும்ப எழுதினார். பயணத்துக்குத் தயாரானது அந்தப் பகுதி மட்டும்.

முதலில் பதிப்பகங்களுக்கு நேராகவே எழுதினார். மறுப்புகள் வந்தன. நியூயார்க் பதிப்பகங்களில் கேட்காமல் வந்து சேரும் பிரதிகளின் குவியல் அந்தக் காலத்திலேயே பிரசித்தம். வேலையில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் யாராவது மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பக்கம் புரட்டுவார்; அச்சடித்த மறுப்புச் சீட்டு ஒன்று வைத்துத் திருப்பி அனுப்புவார். பிரதியோடு விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் எழுதியவரே வைக்க வேண்டும். நம் வார இதழ்களிலும் "போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இணைக்கப்படாத படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா" என்ற அறிவிப்பு வெகுகாலம் இருந்தது. தன் கையெழுத்தில் தன் விலாசம் எழுதிய உறையைத் தபால்காரர் நீட்டும்போது, பிரிக்காமலே விஷயம் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் மதுரைக்கும் போர்ட்லாண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஏஜென்ட் என்கிற ஆள் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறார். இந்தத் தொழிலைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் லண்டனில் இருந்த ஏ. பி. வாட். 1870களில் நண்பர் ஒருவருக்காகப் பதிப்பாளர்களிடம் பேரம் பேசப் போய், அதையே தொழிலாக்கிக்கொண்டார். கிடைப்பதில் பத்து சதவீதம் தனக்கு என்பது அவர் வைத்த விதி. அமெரிக்காவிலும் நூறு வருடம் போல அதுவே வழக்கமாக இருந்து, பிறகு மெல்ல 15 சதவீதமாக ஏறியது. வெளிநாட்டு உரிமை என்றால் 20. பதிப்பாளர்களுக்கு ஏஜென்ட்டை ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. தரகர் என்று முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களுக்கே அது வசதியாகிவிட்டது. குவியலைச் சலித்துத் தருகிற வேலையை, சம்பளம் கொடுக்காமல் வேறொருவர் செய்கிறாரே! இன்று பெரிய நியூயார்க் பதிப்பகங்களில் பெரும்பாலானவை ஏஜென்ட் வழியாக வராத நாவலைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

ஆக, பதிப்பாளரைப் பிடிக்க ஏஜென்ட் வேண்டும். ஏஜென்ட்டைப் பிடிக்க? அதற்கு ஒரு கடிதம் எழுதலாம், அல்லது அவர் வருகிற இடத்துக்குப் போகலாம். அமெரிக்க எழுத்தாளர் மாநாடுகளில் பழமையானதும் புகழ்பெற்றதுமான வெர்மான்ட் மாநிலத்து பிரெட் லோஃப் 1926இல் தொடங்கியது. அது பட்டறை வகை. மூத்தவர்கள் இளையவர்களின் எழுத்தை வாசித்துக் கருத்துச் சொல்லும் இடம். பிறகு ஊர் ஊருக்குச் சங்கங்கள் வந்தன. போர்ட்லாண்டில் 1965இல் 'வில்லமெட் ரைட்டர்ஸ்' தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு இந்தச் சங்கங்கள் செய்த பெரிய உபகாரம், ஏஜென்ட்டுகளையும் ஆசிரியர்களையும் தங்கள் ஊருக்கு வரவழைத்தது.

வில்லமெட் ரைட்டர்ஸ் கூட்டத்துக்கு அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜீன் நாகார். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்த யூதப் பெண். 1956 சூயஸ் போருக்குப் பிறகு எகிப்தின் யூதர்கள் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர் குடும்பமும் கிளம்பியது. இங்கிலாந்து, பிறகு நியூயார்க். கெய்ரோ வாழ்க்கையைப் பற்றி 'சிப்பிங் ஃப்ரம் தி நைல்' என்று ஒரு நினைவு நூல் எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் தன் பெயரில் ஏஜென்சி தொடங்கியது 1978இல்.

அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். அவுலின் கட்டு தயாரான சமயத்தில் நாகாரும் கடை திறந்து அதிக நாள் ஆகாதவர். பெயர்பெற்ற ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே நாற்பது எழுத்தாளர் இருப்பார்கள். இன்னொருவரைத் தேட அவருக்கு அவசரம் ஏது? புதியவருக்கு ஆள் தேவை. ஏஜென்ட்டும் எழுத்தாளரும் ஒரே நேரத்தில் ஆரம்பக்காரர்களாக இருந்ததை நான் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். மாநாட்டுக்குப் போகிறவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெயர்களைச் சுற்றியே மொய்க்கிறார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், போன வருடம்தான் வேலையில் சேர்ந்த ஏஜென்ட்டின் மேசை காலியாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் போவார்கள்.

அவுல் நாகாரைச் சந்தித்தது அந்த வில்லமெட் ரைட்டர்ஸ் கூட்டத்தில்தான். அங்கே ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை. முகம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பதிப்பகங்களிடமிருந்து மறுப்புகள் வந்த பிறகு அவுல் நாகாருக்குக் கடிதம் எழுதினார். பெயர் தெரியாத பெண், ஆறு நாவல் வரிசை, எல்லாம் கற்காலத்தில் நடப்பவை: கடிதத்தில் இருந்த விஷயத்தை மட்டும் பார்த்தால் எந்த ஏஜென்ட்டும் இரண்டாவது முறை யோசிப்பார். நாகார் பிரதியை அனுப்பச் சொன்னார். கூட்டம் செய்த வேலை அவ்வளவே: கடிதம் பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பேசியது பிரதிதான்.

கட்டு தபாலேறி நியூயார்க் போனது. நாகார் அதை ஒரே பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை, ஏலம் விட்டார். புத்தக ஏலத்துக்கு வழி காட்டியவர் என்று ஸ்காட் மெரெடித் என்ற ஏஜென்ட்டைச் சொல்வார்கள். 1952இல் ஒரே பிரதியைப் பல பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி விலை கேட்டாராம். அதுவரை ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகே அடுத்தவரிடம் போவது மரியாதை என்று இருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொண்டால் எழுத்தாளனின் ஆயுள் என்னாவது? ஏலம் அந்த மரியாதையை உடைத்தது.

ஏலத்தில் சுத்தியல் கிடையாது, கூடமும் கிடையாது. ஏஜென்ட் நாலைந்து ஆசிரியர்களுக்குப் பிரதியை அனுப்பி, இன்ன தேதிக்குள் விலை சொல்லுங்கள் என்பார். அந்த நாளில் தொலைபேசி மட்டும்தான். முதல் சுற்று விலைகள் வந்ததும், குறைவாகச் சொன்னவரைக் கூப்பிட்டு "இன்னொருவர் இவ்வளவு சொல்கிறார், நீங்கள்?" என்று கேட்பார். யார் அந்த இன்னொருவர் என்று சொல்ல மாட்டார். சுற்று சுற்றாக ஆட்கள் விலகுவார்கள். கடைசியில் நிற்பவருக்குப் புத்தகம். அவுலின் நாவலுக்குக் கடைசியில் நின்றது கிரௌன் பதிப்பகம்; தொகை 1,30,000 டாலர். பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாவலுக்கு அது அன்றைக்குப் பதிப்புலகமே திரும்பிப் பார்த்த தொகை.

முன்பணம் என்றால் மொத்தமாகக் கையில் வருவதில்லை. கையெழுத்தின்போது ஒரு பங்கு, திருத்திய பிரதி ஒப்புக்கொள்ளப்பட்டதும் ஒரு பங்கு, வெளியாகும்போது ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். பணம் ஏஜென்ட்டின் கணக்குக்கு வந்து, அவர் பங்கு கழிந்து எழுத்தாளருக்குப் போகும். பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 13,000 டாலர் ஏஜென்ட்டுக்கு. பிறகு ராயல்டி அந்த முன்பணத்தைத் தாண்டும் வரை எழுத்தாளருக்கு வேறு காசு கிடையாது. தாண்டாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம்.

அவுலுக்குத் தாண்டியது. 1980இல் புத்தகம் வந்தது. 1982இல் இரண்டாவது, 'தி வேலி ஆஃப் ஹார்ஸஸ்'. 1985இல் மூன்றாவதான 'தி மாமத் ஹன்டர்ஸ்' வந்தபோது கெட்டி அட்டையில் முதல் அச்சே பத்து லட்சம் பிரதிகள் போட்டார்கள். 1986இல் முதல் நாவல் படமானது. டரில் ஹன்னா அய்லாவாக நடித்தார். பாத்திரங்கள் சைகையில் பேச, கீழே எழுத்து ஓடும். படம் எடுபடவில்லை. புத்தகத்துக்கு அதனால் குறை ஒன்றும் வரவில்லை. நாவல்களில் வரும் பாலியல் காட்சிகளால் பள்ளி நூலகங்களில் எதிர்ப்பு கிளம்பியது. 1990களில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இந்த வரிசையும் உண்டு. ஆறாவது பாகம் 2011இல் வந்தது. 1977இல் தொடங்கிய கட்டு முழுதாக அச்சேற 34 வருடம். உலகம் முழுக்க நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

இடையில் அறிவியல் ஒரு வேலை செய்தது. அவுல் தன் நாவலில் நியாண்டர்தால்களுக்கு மூதாதையர் நினைவு பிறப்பிலேயே மூளையில் பதிந்திருக்கும் என்று எழுதியிருந்தார். அது வெறும் கற்பனை. ஆனால் அய்லாவுக்கு நியாண்டர்தால் ஆணால் ஒரு மகன் பிறப்பதாகவும் எழுதியிருந்தார். இரண்டு இனமும் கலந்திருக்க முடியுமா என்பதில் அன்று ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 2010இல் மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிற மனிதர்களின் மரபணுவில் ஒன்றிரண்டு சதவீதம் நியாண்டர்தால்களுடையது என்று தெரிந்தது. இதை வாசிக்கும் உங்களிடமும் இருக்கும். பாபோவுக்கு 2022இல் நோபல் கிடைத்தது.

இனி ஒரு கேள்வி. இதே கட்டு இன்று ஒரு மாநாட்டுக்குப் போனால்? இப்போது சந்திப்பு தற்செயல் இல்லை, தனித் தொழிலாகிவிட்டது. ஓட்டல் அரங்கில் வரிசையாகச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஏஜென்ட். முன்னால் ஒரு நாற்காலி. முன்பதிவு செய்தவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் தாராளம். நியூயார்க்கில் ரைட்டர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை நடத்திவந்த மாநாட்டில் 'பிட்ச் ஸ்லாம்' என்று ஒன்று இருந்தது; பிட்ச் என்றால் நாவலைச் சுருக்கிச் சொல்லி விற்கப் பார்ப்பது. மூன்றே நிமிடம்: எழுத்தாளர் தொண்ணூறு வினாடி சொல்வார், ஏஜென்ட் தொண்ணூறு வினாடி பேசுவார். மணி அடித்ததும் எழுந்து அடுத்த வரிசையில் போய் நிற்க வேண்டும். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்கள் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போவார்களே, "ஒன்லைன் சொல்லுங்க தம்பி" என்று கேட்பார்களே, அதே படலம்தான். அங்கே காபி வரும், இங்கே மணி அடிக்கும்.

ஏஜென்ட் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன வகை? எழுதி முடித்தாயிற்றா? எத்தனை சொல்? சமீபத்தில் வந்த எந்தப் புத்தகங்களோடு சேர்த்து அலமாரியில் வைக்கலாம்? முதல் நாவலுக்கு எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் சொல் வரை என்பது இன்றைய பழக்கம். நாலரை லட்சம் என்று அவுல் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஒப்பிட எதைச் சொல்லியிருப்பார்? நியாண்டர்தால்களை வைத்து வில்லியம் கோல்டிங் 1955இல் எழுதிய 'தி இன்ஹெரிட்டர்ஸ்' ஒன்று உண்டு; ஆனால் அது அவுலின் வாசகர்கள் தேடிப்போகிற நாவல் இல்லை. முன்னால் மாதிரி இல்லாத புத்தகத்துக்கு இந்த மேசையில் பதில் சொல்வது கஷ்டம். பிட்ச் மேசையின் மேல் எனக்குள்ள பெரிய புகார் இது. ஏற்கெனவே விற்ற ஒன்றைப் போல இருப்பதை அது சீக்கிரம் கண்டுபிடிக்கும். எதையும் போல இல்லாததை மணி அடிப்பதற்குள் கண்டுபிடிக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மனிதர். கை நடுங்க எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மனம் வராது. "முதல் ஐம்பது பக்கம் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுவார். எழுத்தாளர் வானத்தில் மிதந்துகொண்டு வீடு திரும்புவார். அந்த ஐம்பது பக்கத்துக்கு வருகிற பதில், கடிதம் மட்டும் எழுதியிருந்தால் வந்திருக்கும் பதிலாகவே பல நேரம் இருக்கும். சிலர் மேசையோடு நிற்பதில்லை. கழிப்பறைக் கதவின் அடியிடுக்கில் பிரதியைத் தள்ளிவிட்ட எழுத்தாளரைப் பற்றி ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் செய்து ஒப்பந்தம் வாங்கியவரைப் பற்றிய கதை ஒன்றும் என் காதுக்கு எட்டவில்லை.

காசு விஷயத்திலும் கண் வேண்டும். மாநாட்டுக்குக் கட்டணம், தங்க ஓட்டல், பிட்ச் மேசைக்குத் தனிக் கட்டணம் என்று ஏறும். அதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த காசு என்று கணக்கு வைக்கலாம். ஆனால் பிரதியை வாசிக்கவே பணம் வேண்டும் என்று ஓர் ஏஜென்ட் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். ஏஜென்ட்டின் வருமானம் விற்ற புத்தகத்தில் வரும் சதவீதத்திலிருந்து வர வேண்டும் என்பது ஏஜென்ட்டுகளின் சங்கம் வகுத்த நெறி. ஏலத்துக்கு வழி காட்டிய அதே ஸ்காட் மெரெடித்தின் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு புதியவர்களின் பிரதிகளை வாசிக்கும் ஒரு பிரிவையும் நடத்தியது. தொழிலுக்குள் அது நல்ல பெயர் எடுக்கவில்லை.

தமிழில் நமக்கு ஏஜென்ட் என்ற ஆள் கிட்டத்தட்ட இல்லை. எழுத்தாளர் பதிப்பாளருக்கு நேராக போன் போடலாம். புத்தகக் கண்காட்சியில் கடைக்கே போய்ப் பேசலாம். உள்ளூரில் அது வசதிதான். வெளியே போக வேண்டும் என்றால்தான் வழி குறுகுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் தமிழில் வந்து, ஆங்கிலமாகி, 2018இல் அமெரிக்காவின் குரோவ் பதிப்பகம் வரை போனது என்றால், நடுவே உரிமையைக் கையில் எடுத்து விற்க ஆள் இருந்ததால். தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியிலிருந்து நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி இந்த உரிமை வியாபாரத்துக்காகவே ஏற்பட்டது. மொழிபெயர்ப்புக்கு மானியமும் உண்டு.

அங்கே போக நினைக்கும் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்லலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுப் பதிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் எவ்வளவு அழகாகக் கதை சொன்னாலும், அவர் ஊருக்குப் போய்த் தன் ஆசிரியர் குழுவிடம் காட்டத் தாள் வேண்டும். கதைச் சுருக்கம் ஒரு பக்கம், நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்த மாதிரி அத்தியாயம் முப்பது பக்கம். இந்த இரண்டும் தயாரான பிறகு பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஜனவரி வரை பொறுங்கள்.